முதல் வரிசை வெண்டைக்காய்

வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிறவர்களை நான் நம்புவதில்லை. வெடுக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, நார் இழுத்தால் முற்றல். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, சார். தென்காசியில் அப்பா வைத்திருந்த காய்கறிக் கடையிலேயே வளர்ந்தவன் நான். நடக்கத் தெரியும் முன்பே ஒடிக்கத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் வெண்டைக்காயைக் கண்டால் கை அதுவாக ஒடித்துவிடும். இந்த வழக்கில் முதல் குற்றவாளி அந்தக் கைப்பழக்கம்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். நல்லதம்பியாகிய நான் இரண்டாவது.

தாணுமாலயனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, இலஞ்சிப் பக்கம் அவர்கள் குடும்பத்து நிலத்தில் விஷம் தெளிக்காத தோட்டம் போட்டான். பங்குத் தோட்டம் என்று பெயர். சித்திரையிலேயே குடும்பங்கள் பணம் கட்டிச் சேர்ந்துகொள்ளும். பிறகு ஞாயிறுதோறும் தோட்டத்துக்கே வந்து ஆளுக்கொரு கூடை வாங்கிப் போவார்கள். விளைந்தாலும் காய்ந்தாலும் எல்லோருக்கும் பங்கு. மண் அவன் பொறுப்பு, மனிதர்கள் என் பொறுப்பு. மண்ணைவிட மனிதர்கள் சுலபம்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூடை கொடுக்கும் முன், வாசலை ஒட்டிய முதல் வரிசையில் தாணு ஒரு வெண்டைக்காயைப் பறிப்பான். கழுவ மாட்டான், வேட்டியில் துடைக்கக்கூட மாட்டான். அப்படியே கடித்துக் காம்பு வரை தின்பான். வந்தவர்கள் தீபாராதனை பார்க்கிற மாதிரி நின்று பார்ப்பார்கள். யோசனை என்னுடையதுதான். ஜனங்களுக்கு ஒரு காட்சி வேண்டும்லே என்று சொன்னேன். அவன் அதைச் சத்தியமாக்கிக்கொண்டான். நல்லவர்களோடு கூட்டு வைத்தால் இந்தத் தொல்லை உண்டு. நாம் விளையாட்டாகச் சொல்வதை அவர்கள் நிஜமாகச் செய்வார்கள்.

இந்த வருஷம் ஆனியில் பிடித்த சாரல் விடவேயில்லை. குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு வெண்டை இலையெல்லாம் மஞ்சள் நரம்போடி நின்றது, கத்தரிக்காயை அறுத்தால் புழு. பாதிப் பருவத்திலேயே கூடை ஒரு கட்டுக் கீரைக்கு வந்துவிட்டது.

“இல்லாதத இல்லைன்னு சொல்லிருவோம்லே” என்றான் தாணு. “பங்குன்னா நட்டத்துலயும் பங்குதான?”

எனக்கு ஜனங்களைத் தெரியும். வெறுங்கூடையைப் பார்த்து “பரவால்ல அண்ணாச்சி” என்று சிரிப்பவர் அடுத்த வாரம் வர மாட்டார். அதனால் ஞாயிறு விடியும் முன் சந்தைக்குப் போய், பார்க்க ஒரே மாதிரி இருக்கிற காயாக வாங்கி வந்து கூடைகளில் கலந்தேன். கழுவித்தான் கலந்தேன். அதில் குறை வைக்கவில்லை.

பெர்சிஸ் டீச்சர் என்று ஒரு அம்மா. புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள், நல்ல காயாகச் சாப்பிட வேண்டும் என்றே பங்கு சேர்ந்தவர்கள். அந்தக் கூடையைச் சாப்பிட்டுவிட்டு மறு வாரம் வந்து, “அண்ணாச்சி, வெண்டைக்காய் என்ன ருசி! கடைக்காய் இப்படி வருமா?” என்றார்கள்.

“எப்படி வரும் டீச்சர்?” என்றேன்.

யாருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு. என் கைதான் கெடுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. கொட்டகையில் நான் கூடைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தாணு வந்து மேஜையில் நாலு வெண்டைக்காயை வைத்தான். அவன் வீட்டுக்குப் போன கூடையிலிருந்து எடுத்தவை. நறுக்க உட்கார்ந்த ஸ்ரீமதி, அவன் மனைவி, கண்டுபிடித்திருக்கிறாள்.

“ஏலே, இதுக்கெல்லாம் முனை எங்க?”

நான் அடுத்த கூடையை எடுத்துத் துடைத்தேன்.

“நான் கத்தரி வச்சு காம்புலதான் வெட்டுதேன். நம்ம தோட்டத்துல எவன்லே முனைய ஒடிப்பான்? சந்தையில நின்னு வாங்குதவந்தான ஒடிப்பான். எப்பயிருந்துலே?”

“மழை பிடிச்சதுலயிருந்து.”

“டீச்சர் கூடையிலயுமா?”

“எல்லார் கூடையிலயும்.”

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பேரம் பேசியிருப்பேன். கோபம் என்பது பாதி இறங்கிவந்த விலை. அவன் மேஜையில் கிடந்த காய்களையே பார்த்துக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன். நீயும் பக்கத்துல நில்லு” என்றான்.

“ஆடி முடியட்டும்லே. வெயில் வந்துரும். பொறவு சந்தைப் பக்கமே போமாட்டேன்.”

“அந்தம்மா நம்மள நம்பி திங்காங்கலே.”

“சொன்னா தோட்டம் இருக்காது.”

“இல்லாட்டாப் போகட்டும்.”

எவ்வளவு சுயநலம் பாருங்கள். அவன் மனது சுத்தமாக வேண்டும் என்பதற்காக ஒரு தோட்டமே போகலாமாம். என் அப்பா பெயர் இன்னும் கடை போர்டில் தொங்குகிறது. அந்தப் பெயரும் போகலாமாம்.

ஞாயிறு காலை நான் சீக்கிரம் போனேன். முந்தின நாளே தெளித்தால் சாரல் கழுவிவிடும் என்பது பயிர் வைக்காத எனக்கும் தெரியும். வெளுக்கும்போது தூறல் நின்றிருந்தது. காய்ப்புழுவுக்காகத்தான் மருந்து வாங்கியிருந்தேன். முதல் வரிசையில் மட்டும் அடித்தேன், அங்கேதான் புழு அதிகம் என்று எனக்குப் பட்டது. தண்ணீர் கலக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னது மறந்துவிட்டது. மற்ற வரிசைகளைச் சோதித்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்களே, அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்குக் கூடைகளில் வைத்ததெல்லாம் சந்தைக் காய். ஒருவருக்கும் வயிற்றுவலிகூட வரவில்லை.

வாசனை தெரியாதா என்று கேட்டீர்கள். சாரலில் நனைந்து ஒரு வாரமாக அவனுக்கு மூக்கடைப்பு. அது எனக்குத் தெரியும் என்பதையும் நான் மறைக்கவில்லை.

எல்லோரும் வந்து நின்றார்கள். தாணு பறித்துக் கடித்தான். மூக்கு இல்லாவிட்டாலும் நாக்கு இருக்கிறதே. முகம் மாறியது. தாடை அப்படியே நின்றது. கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது, அது நிச்சயம்.

துப்பியிருக்கலாம். அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆனால் அத்தனை பேர் முன்னால், தன் மண்ணில் விளைந்த காயை அவன் துப்ப மாட்டான். அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குத் தெரியும். மென்றான், விழுங்கினான், காம்பு வரை தின்றான். எப்போதும் சொல்கிற “தைரியமாச் சாப்பிடுங்க” என்பதை மட்டும் சொல்லவில்லை. “ஒரு விஷயம் சொல்லணும்” என்று ஆரம்பித்தான். சொல்லி முடிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். ஸ்ரீமதி ஓடி வந்தாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் பேசவேயில்லை.

ஆகவே, ஆமாம், நான்தான் செய்தேன். கொலை என்ற சொல்லை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன். தோட்டம் இப்போது இல்லை. ஸ்ரீமதி முதல் வரிசையை மட்டுமல்ல, எல்லா வரிசையையும் பிடுங்கிப் போட்டுவிட்டாள். நீங்கள் என்னைப் பிடிப்பதற்கு முந்தின நாள் சந்தையில் பெர்சிஸ் டீச்சரைப் பார்த்தேன். ரொம்ப இளைத்திருந்தார்கள். வெண்டைக்காய்க் குவியல் முன்னால் நின்று, ஒவ்வொரு காயாக முனையை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை வாரம் முனை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் என் கையால் வாங்கியவர்கள். எனக்கு மனது விட்டுப்போயிற்று.

கொஞ்சம்கூட இரக்கமில்லையா என்று கேட்டீர்கள். இருந்தது, சார். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். டீச்சரின் பேத்தி ஸ்வாதி அன்றைக்கு வந்திருந்தாள். தாணு பறிப்பதற்குச் சற்று முன்பு, அவனைப் போலவே தானும் கடித்துக்காட்ட வேண்டும் என்று முதல் வரிசையில் கை நீட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன். “வேண்டாம் பாப்பா, சுணை, கை அரிக்கும்” என்று சொல்லி, சந்தையில் வாங்கிய வெள்ளரிப்பிஞ்சை இரண்டு தடவை கழுவிக் கொடுத்தேன். அவளைத் தூக்கித் தள்ளி நிறுத்தினேன். இரக்கமில்லாதவன் இதைச் செய்வானா?

பிறகு நானும் நகர்ந்து தாணுவுக்கு வழி விட்டேன்.