கல்லில் கடைசி ஜேம்ஸ் ஃபிளெட்

கிரெய்க்: ...பதினாலு பேருல ஒன்பது பேரு ஃபிளெட்டா! இருபது வருஷமா கல்லு செதுக்குறேன், இப்படி ஒரு ஊரைப் பாத்ததில்ல. வில்லியம் ஃபிளெட் மட்டும் மூணு.

பெல்லா: அதுக்குத்தான் பட்டப்பேரையும் சேத்து வெட்டச் சொன்னது. வில்லியம் ஃபிளெட் ‘கொக்கு’, வில்லியம் ஃபிளெட் ‘ராசா’, வில்லியம் ஃபிளெட் ‘பொடியன்’...

கிரெய்க்: சண்டையில செத்தவங்களுக்கு வெக்கிற கல்லும்மா. கோயில் வாசல்ல நிக்கப்போவுது. அதுல போய் கொக்குன்னு...

எல்ஸ்பெத்: கொக்குன்னு வெட்டாட்டி அவன் ஆத்தா எந்தப் பேரைத் தடவிப் பாப்பா?

கிரெய்க்: ...அதுவும் சரிதான். பாதிரியாரும் சரின்னுதான்...

பெல்லா: ஐயய்யோ! தூண்டில் பக்கத்துல அவரைச் சொல்லாதீங்க! இரும்பைத் தொடுங்க, சீக்கிரம்!

கிரெய்க்: எதைத் தொட?

எல்ஸ்பெத்: கையில உளி இருக்குதுல்ல, இறுக்கிப் பிடிங்க. விடிஞ்சதுலேந்து எங்க அண்ணன் படகுக்கு இரை கோத்துக்கிட்டிருக்கோம். நானூறு முள்ளு, நானூறு சிப்பி. ஒத்த மீன் விழாமப் பண்ணிடாதீங்க. ‘கறுப்புக் கோட்டுக்காரர்’னு சொல்லணும்.

கிரெய்க்: சரி தாயே, கறுப்புக் கோட்டுக்காரர்... அவரு ஒத்துக்கிட்டாரு. வெளியூர்க்காரன் எனக்குத்தான் புரிய மாட்டேங்குது. அபெர்டீன்ல டாக்டருக்குப் படிக்கிற பசங்களுக்குப் பாடம் நடத்துற ஃபிளெட், அவரும் இந்த ஊரா?

எல்ஸ்பெத்: ‘பொடியன்’ வீட்டுப் பிள்ளைதான்.

கிரெய்க்: நூத்தம்பது வருஷத்துக்கு முன்னால கடலுக்கு வரைபடம் போட்டவருன்னு கோயில் சுவத்துல ஒருத்தர் பேரு இருக்கே?

எல்ஸ்பெத்: அவரும் ஃபிளெட்தான்.

கிரெய்க்: கிளாஸ்கோவுல பந்து பிடிக்கிறானே, அந்தக் கோல்கீப்பர்?

பெல்லா: எங்க சித்தப்பா மவன். ஊருல இருந்த வரைக்கும் ஒரு நண்டைக்கூடப் பிடிச்சதில்ல.

கிரெய்க்: அவங்க யாருக்கும் பட்டப்பேரைக் காணோமே?

எல்ஸ்பெத்: ஊரைவிட்டுப் போனா அது உதிர்ந்துடும் ஐயா. வெளியில ஃபிளெட்னா அவன் ஒருத்தன்தான். இங்க நாங்க முந்நூறு பேரு.

கிரெய்க்: அப்ப இந்தக் கடைசி வரிக்கு வாங்க. ஜேம்ஸ் ஃபிளெட். பட்டப்பேரு எழுதாம விட்டிருக்காங்க. உங்க ரெண்டு பேரையும் கேட்டுக்கச் சொன்னாரு கறுப்புக் கோட்டுக்காரர். இன்னைக்கே வேணும்.

பெல்லா: அக்கா, நீயே சொல்லு.

கிரெய்க்: ஏம்மா, தப்பாக் கேட்டுட்டனா?

எல்ஸ்பெத்: ஜேம்ஸ் ஃபிளெட் ரெண்டு பேரு ஐயா. என் வீட்டுக்காரரு ‘கேரட்’. தலை முடி அப்படிச் சிவப்பு. இவ வீட்டுக்காரரு ‘லத்தீன்’.

கிரெய்க்: லத்தீன் படிச்சவரா!

பெல்லா: படிப்பா? அவரு தாத்தா குடிச்சிட்டு உளறினதை லத்தீன்னு எவனோ சொல்லிட்டான். பேரன் வரைக்கும் ஒட்டிக்கிச்சு.

எல்ஸ்பெத்: ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே படகு. படகையும் ஆளையும் சேத்துக் கடற்படை எடுத்துக்கிட்டுது. இத்தாலிப் பக்கம் படகு முழுகிப்போச்சு. ஒரு ஜேம்ஸ் ஃபிளெட் செத்தாச்சு, ஒரு ஜேம்ஸ் ஃபிளெட்டை எதிரி பிடிச்சிட்டுப் போயி, சண்டை முடிஞ்சதும் விட்டாச்சு. காகிதத்துல அவ்வளவுதான்.

கிரெய்க்: கடற்படையில பேரு குடுக்கும்போதே பட்டப்பேரையும் சொல்லித் தொலைச்சிருக்கலாமே?

பெல்லா: வெளியாளுகிட்டயா? உசுரே போனாலும் சொல்ல மாட்டானுங்க. தொரை மாதிரி வெறைப்பா நின்னுக்கிட்டு, ஜேம்ஸ் ஃபிளெட், ஜேம்ஸ் ஃபிளெட்னு ரெண்டும் சொல்லியிருக்கும்.

கிரெய்க்: விட்டு ரெண்டு வருஷமாச்சே... விடுதலையானவரு இன்னேரம் வந்திருக்கணுமே?

எல்ஸ்பெத்: வரல.

பெல்லா: சாயங்கால ரயிலுக்குப் போறோம். ஒரு நா அக்கா, ஒரு நா நானு. யாரு ஆளு இறங்கினாலும் பாத்தவ ஓடியாந்து சொல்லணும்னு பேச்சு.

கிரெய்க்: ரெண்டு வருஷமாவா?

எல்ஸ்பெத்: எங்களுக்குன்னு ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பெஞ்சே போட்டுட்டாரு.

பெல்லா: அவரா போட்டாரு? நீ போட்ட சண்டையில போட்டாரு.

எல்ஸ்பெத்: சரி, எழுதிக்கங்க ஐயா. ‘கேரட்’.

பெல்லா: அக்கா!

எல்ஸ்பெத்: சிப்பியைப் பாத்து உரி, கை வெட்டிக்கப்போற.

பெல்லா: என்னக்கா இது திடீர்னு? நேத்துதான, வரும்போது மீசை வெச்சிருப்பாரோன்னு கேட்ட?

எல்ஸ்பெத்: களைச்சுப்போச்சுடி. நீ சின்னவ. உன் ஆளு வரட்டும்... ‘கேரட்’, ஐயா. எழுதியாச்சா?

பெல்லா: எழுதாதீங்க. ‘லத்தீன்’னு போடுங்க.

எல்ஸ்பெத்: வாயை மூடுடி. விளையாடுற விஷயமா இது?

பெல்லா: விளையாடல. போன வருஷம் யார்மத் துறைமுகத்துக்கு மீன் அரியப் போனேன்ல... அங்க ஒருத்தனைப் பாத்தேன். படகு முழுகின அன்னைக்குப் பக்கத்துப் படகுல இருந்து தண்ணியில விழுந்தவன். ஒரே பலகையைப் பிடிச்சிக்கிட்டுக் கிடந்திருக்காங்க, அவனும் அவரும்.

எல்ஸ்பெத்: எவரும்?

பெல்லா: பேரு கேட்டானாம். ‘லத்தீன்’னு சொன்னாராம் அக்கா. வெளியாளுகிட்ட! வெக்கத்தையெல்லாம் விட்டுட்டு... ‘லத்தீன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு’ன்னாராம். அப்புறம் கை விட்டுப்போச்சாம்.

கிரெய்க்: ...கடவுளே.

எல்ஸ்பெத்: ஒரு வருஷமாவாடி... இதை வயித்துல வெச்சுக்கிட்டா என் பக்கத்துல உக்காந்து இரை கோத்த?

பெல்லா: சொன்னா என்ன ஆகும்? விடுதலையானது கேரட்டுன்னு ஆயிடும். அப்ப ஏன் வரலன்னு ஊரே உன்னைப் பிடுங்கும். அவரு வந்து சேருற வரைக்கும் சொல்ல வேணாம்னு இருந்துட்டேன். உன் ஆளைக் கூட்டியாரத்தான் ரயிலுக்குப் போனேன்... இன்னைக்கு உன் முறைக்கா. கையைக் கழுவிட்டுக் கிளம்பு.

கிரெய்க்: அப்ப... ‘லத்தீன்’தானே?

எல்ஸ்பெத்: ஆமா ஐயா, ஆழமா வெட்டுங்க. உப்புக் காத்து அரிச்சிடாம... இனிமே ரயிலுக்கு யாரும் போக வேணாம் பெல்லா. என் ஆளுகிட்டேந்து கடுதாசி வந்து ஒன்றரை வருஷமாச்சு, ஓட்ஸ் மாவுப் பானைக்குள்ள கிடக்கு. பிடிச்சிட்டுப் போன ஊருலயே ஒருத்திகூட இருந்துட்டானாம். கீழ கையெழுத்து ‘ஜேம்ஸ் ஃபிளெட்’. கேரட் இல்லடி, வெறும் ஜேம்ஸ் ஃபிளெட்... எனக்கு! அதைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, இவன் ஊருக்குத் திரும்ப மாட்டான்னு. உன்கிட்டச் சொன்னா, செத்தது உன் ஆளுன்னு ஆயிடுமே... காகிதம் தப்பா இருக்கக் கூடாதான்னு, நானும் உன் ஆளைத் தேடித்தான்டி போயிட்டிருந்தேன்.