காலஞ்சென்ற ஜான்சன் வாங்கிய கரும்பு

டீ நன்றாகத்தான் இருக்கிறது சார், சர்க்கரைதான் ஜாஸ்தி. என் வீட்டுக்காரர் ஜான்சனுக்கு இப்படித்தான் பிடிக்கும்.

அவர் உயிரோடு இருக்கும்போதே விதவை உதவித்தொகை வாங்கினேன். யோசனை அவருடையது. விசாரிக்க வந்த ஆபீசருக்கு நாற்காலி போட்டதும் அவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டு, "ஜான்சன் தங்கமான மனுஷன் சார். பாவம், சீக்கிரமே போய்ட்டான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்தினேன், ஆபீசர் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

ரேஷன் கார்டில் மட்டும் அவர் பெயரை எடுக்கவில்லை. அரிசி குறையுமே. அந்தப் பொங்கலுக்கு எனக்குக் காய்ச்சல். கரும்பு போய்விடுமே என்று அவரே பேரணாம்பட்டு ரேஷன் கடைக்கு ஓடினார். அன்றைக்கு மேற்பார்வைக்கு நின்றவர் அதே ஆபீசர். "ஜான்சன் யாரு?" என்று கூப்பிட்டதும், "நான்தான் சார்" என்று கட்டைவிரலை நீட்டியிருக்கிறார்.

கோர்ட்டில், "எனக்கு இன்னா தெரியும்? எல்லாம் அவ வேலை" என்று சாட்சி சொல்லித் தப்பித்துக்கொண்டார். எனக்கு இரண்டு வருஷம் ஜெயில். மனசு விட்டுப்போயிற்று சார்.

ஜாமீனில் வந்து வேலூரில் அப்பீல் போட்டேன். "குத்தமே செய்யலன்னு வாதாட முடியாதும்மா" என்றார் வக்கீல் ஹேமலதா. "தண்டனையைக் குறைக்கச் சொல்லித்தான் கேக்கலாம். பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா, உங்கள விட்டா நாதியில்லன்னு சொல்லலாம். ஆனா அப்பா இருக்காரேன்னு ஜட்ஜ் கேப்பாரு."

அந்த அப்பா அவள் பாடப்புத்தகத்தை எடைக்குப் போட்டுக் குடித்தவர். அவரிடம் அவளை எப்படி விட்டுவிட்டுப் போவேன்?

நான் பெருக்குகிற தோல் பதனிடும் ஷாப்பில் கழிவுக் குழியில் இறங்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாளே மூடியைத் திறந்து, ராத்திரி முழுக்கக் காற்றாட விட்டால்தான் விஷவாயு போகும். திறக்கிற வேலை என்னுடையது. நான் விடிந்த பிறகு திறந்தேன்.

"நேத்தே தெறந்துட்டியா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

கூட வந்தவர்களை முன்னாடியே டீ குடிக்க அனுப்பிவிட்டேன். பாவம், பிள்ளைகுட்டிக்காரர்கள்.

ஜட்ஜ் ரொம்ப இரக்கப்பட்டார். ஏற்கெனவே உள்ளே இருந்ததே போதும் என்று விட்டுவிட்டார். அப்புறம் முறைப்படி உதவித்தொகைக்கு மறுபடி எழுதிப் போட்டேன். அந்த ஆபீசர், "இவன் எத்தன தடவம்மா சாவான்?" என்று கேட்டுவிட்டு உங்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டார். விபத்து என்று முடித்ததை நீங்களும் மறுபடி கிளறிவிட்டீர்கள். அவரவர் வேலை, குறை சொல்லமாட்டேன்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மோசடிக் கேஸை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள் சார். அரசாங்கத்தை நான் ஏமாற்றவில்லை. எனக்குச் சேர வேண்டியதைக் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிவிட்டேன், அவ்வளவுதான்.