துரை வண்டிக்குச் சாமான்

அந்தப் பட்டியலை இன்னொரு தபா படிங்க துபாசியாரே. மெதுவா. பீங்கான் தட்டு எத்தினி? நாப்பத்தெட்டா? நல்லா கீது. கேப்புல சிங்கத்தைக் குந்த வெச்சு விருந்து போடப் போறாராமா உங்க துரை? சிரிக்காம இன்னா பண்ணச் சொல்றீங்க. கேப்புக்குப் போய்ட்டு வந்த பொம்பளை மணியம்மா எங்கன்னு விசாரிச்சுக்கினு, கோட்டையிலேருந்து இம்மாந்தூரம் மணல்ல நடந்து வந்திருக்கீங்க. அதனாலதான் கேக்குறேன். ஒலாந்துக்காரரு எத்தை எழுதிக் குடுத்தாலும் அப்பிடியே சரின்னுடுவீங்களா?

அந்தப் படகு மேல குந்துங்க, காஞ்சுதான் கீது. நான் எறாலைப் பொறுக்கிக்கினே பேசுறேன். வெயில் ஏறிச்சுன்னா நாறிப் பூடும்.

அப்பால இன்னா? நாற்காலி ஆறு. மெத்தை. பொய் மயிருக்குப் போடுற மாவு ஒரு பொட்டி. அத்தை அங்க யாரு பாக்கப் போறாங்களாம்? சரி, தண்ணிக்குப் பீப்பா எத்தினி எழுதியிருக்காரு? ரெண்டு. சாராயத்துக்கு? ஒம்போது. போற எடம் இன்னான்னு அவருக்கே தெரியல துபாசியாரே.

கேப்புன்னா, கடல் தாண்டி தெக்குக் கோடியில கீற முனை. கப்பல் நிக்கிற எடத்துல கோட்டை கீது, தோட்டம் கீது, திராட்சைக் கொடி கீது. நம்ம பழவேற்காட்டுலேருந்து கப்பல்ல ஏத்திக்கினு போன சனங்களே அங்க அடிமையா மண்ணு வெட்டிக்கினு கெடக்குதுங்க. நான் பேசுறதைக் கேட்டுட்டு ஒருத்தன் மம்முட்டியோட ஓடியாந்தான். நம்ம ஏரில இப்போ தண்ணி எம்மாங்கீதுன்னு கேட்டான். வேற ஒண்ணும் கேக்கல. அது வரைக்கும்தான் ஊரு. அப்பால மலை. மலையத் தாண்டினா மாசக்கணக்குல வெறும் நெலம்.

வண்டின்னதும் பொன்னேரி சந்தைக்குப் போற வண்டின்னு நெனைச்சுக்காதீங்க. படகாட்டம் நீளம், மேல கூடாரம், பத்து ஜோடி மாடு. மலையில அது ஏறாது. மொத்தத்தையும் கழட்டி, சக்கரம் வேற அச்சு வேறயா முதுகுல சொமக்கணும். அந்த நாப்பத்தெட்டு தட்டையும் ஒருத்தன் சொமக்கணும். துரையா சொமப்பாரு? இந்தத் தேங்காநார்க் கயிறையும் அடிச்சுடுங்க. அங்க காத்துல ஈரமே கெடையாது. கயிறு ஒரு மாசத்துல பொடிஞ்சு பூடும். மாட்டுத்தோல் வாருதான் நிக்கும். மரமும் சுருங்கும். ஆரக்கால் ஆடும், சக்கரத்துப் பட்டை கழண்டு தனியா உருண்டு ஓடும். கருவாடு எடுத்துக்கலாம். வெடிமருந்து நம்ம கோட்டையிலயே செய்யுறாங்க, எடுத்துக்கலாம். சுடத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருந்தா நல்லது. உங்க துரைக்குக் கொக்கே படலியாமே.

நாங்க எப்பிடிப் போனோமா? என் ஆம்பிளை கேசவன் படகு கட்டுற தச்சன். அப்போ இங்க இருந்த துரைக்குக் கேப்புல வேலை போட்டாங்க. சக்கரம் பாக்க அவரையும் சமைக்க என்னையும் கூட்டிக்கினு போனாரு. ரெண்டு வருசத்துக்குன்னு கைநாட்டு. அங்க போனதும் அந்தாளுக்கும் இதே பைத்தியம் புடிச்சுது. உங்காளுக்குப் பூவும் பூச்சியும். அந்தாளுக்குச் செம்பு மலை. உள்ள எங்கியோ மலையே செம்பாக் கீதுன்னு எவனோ சொல்லிட்டான். பாத்து எழுதினா பேரு வருமாம்.

வண்டி கெளம்பி மூணாவது மாசம் ஒரு காஞ்ச ஆத்துல அச்சு முறிஞ்சுது. பீப்பால தண்ணி இல்ல. நாலு மாடு படுத்துச்சு, எழுந்திருக்கல. துரை இன்னா பண்ணாருன்னு நெனைக்கிறீங்க? தட்டு ஒடைஞ்சுதான்னு பொட்டியத் தொறந்து பாத்துக்கினு இருந்தாரு.

அப்போதான் அந்த ஊரு சனங்க வந்தாங்க. மாடு மேய்க்கிறவங்க. குடிசையே பாயிதான், சுருட்டி மாட்டு மேல ஏத்திக்கினு தண்ணி கீற எடத்துக்குப் போய்க்கினே இருப்பாங்க. அவங்க கிட்ட வர்றதுக்குள்ள இவரு துப்பாக்கிய நீட்டிட்டாரு. அவங்கள்ல ஒரு பெரியவரு அத்தைப் பாத்தாரு. எங்க மாட்டு மூக்கணாங்கயிறைப் புடிச்சுக்கினு நடந்தாரு. மாடு பின்னாலயே போச்சு, நாங்களும் போனோம். ஒரு மடு, நாணல் சூழ்ந்துக்கினு, நல்ல தண்ணி. துப்பாக்கி நீட்டின கையோடயே துரையும் குனிஞ்சு குடிச்சாரு.

செம்பு மலையா? ஒரு பச்சைக் கல்லு கெடைச்சுது. ஆறு மாசம் அத்தைத் தடவிக்கினே இருந்தாரு.

அந்த மடு கிட்ட பதினஞ்சு நாளு தங்கினோம். அச்சு செய்ய மரம் தேடணும் இல்ல? எனக்கு அங்கதான் வலி எடுத்துச்சு. ஆமா, புள்ளதான். இன்னா அப்பிடிப் பாக்குறீங்க. எட்டாம் மாசம், பொண்ணு, ரெண்டு கையில அடங்கிச்சு. காலு என் வெரல் தண்டிக்குத்தான். எனக்கு ஜொரம் புடிச்சுக்கிச்சு, பால் நின்னு பூடுச்சு. பக்கத்துக் குடிசைக்காரி ஒருத்தி, அவளும் கைப்புள்ளக்காரி, கேக்காமலே வந்து எடுத்து மாருல போட்டுக்கினா. மூணாம் நாளு அது கத்துச்சு. அது வரைக்கும் கத்தவே தெம்பு இல்ல.

அச்சு தயாராச்சு. மழைக்கு முன்னால ஆத்தைத் தாண்டணும், ஏறுன்னாரு துரை. புள்ளையத் தூக்கினா வழியில பாலுக்கு இன்னா பண்றது? அவ எங்க கூட வருவாளா, அவ சனத்தை விட்டுட்டு? நான் இங்கியே இருக்கேன்னு சொன்னேன். கைநாட்டு வெச்சிருக்கே, சமைக்க யாருன்னாரு. இதே வழியாத்தான் திரும்புவோம், அப்போ எடுத்துக்கலாம்னாரு. என் ஆம்பிளையும் துரை சொன்னா சரியா இருக்கும்னு மாட்டைப் பூட்டினாரு. அவரை ரொம்ப நாளு ஏசிக்கினு இருந்தேன். ஆனா வண்டில ஏறினது நான்தான? என்னிய யாரும் கட்டித் தூக்கல.

திரும்பும்போது கடலோரமா வந்துட்டாரு. அந்த வழி சுருக்கமாம். மடுப் பக்கமே போவல. கப்பல்ல ஊருக்கு வர்ற வழியில கொழும்புல கேசவனுக்கு ஜொரம் வந்து செத்துப் பூட்டாரு. பதினோரு வருசம் ஆச்சு.

அதான், பட்டியல்ல சமையலுக்கு ஆளு ஒண்ணுன்னு கீது இல்ல, அங்க என் பேரைப் போடுங்க. துரை கிட்ட ஒண்ணு சொல்லணும் நீங்க. உள்நாட்டுல ஒரு மடு கீது, ஒலகத்துல எங்கியும் இல்லாத பூவு அதன் கரையிலதான் பூக்குதுன்னு சொல்லுங்க. மழை விட்டு ரெண்டாம் மாசம் போனாத்தான் பாக்கலாம்னு சொல்லுங்க. அதுக்குள்ள மத்த எடத்துத் தண்ணியெல்லாம் வத்திடும், அந்த சனங்க அங்க வந்துடுவாங்க. பூக்குதான்னு என்னியக் கேட்டா? நான் பூவு பாக்குற நெலமையிலயா இருந்தேன்.

புள்ளைக்குப் பேரா? வெக்கல. அவங்க எதுனா வெச்சிருப்பாங்க.

இல்ல துபாசியாரே, கூட்டிக்கினு வர்றதுக்கு இல்ல. அதுக்கு நம்ம பேச்சு தெரியாது, பால் குடுத்தவதான் அதுக்கு அம்மா. என்னியப் பாத்தா யாரோன்னு பயந்து ஓடும். ஓடட்டும். காலை ஊனி நல்லா ஓடுதான்னு பாத்துட்டு வந்துடுறேன்.