ஸபெத்துக்குப் பத்து வயது

காப்பியில் சர்க்கரை போதுமா, சாமி? எங்கள் ஆலையில் காய்ச்சியதுதான். கோயில் கூண்டருகே முழங்காலில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்ய என் மூட்டு இடம் கொடுக்காது. இந்த வராந்தாவிலேயே சொல்லிவிடுகிறேன். கடவுளுக்கு எங்கிருந்து சொன்னாலும் காது கேட்கும்தானே.

அப்பா செத்த ஈரம் காய்வதற்குள் பங்குச் சண்டை வந்துவிட்டது. நிலம், ஆலை, கோவேறு கழுதைகள், அடிமைகள் எல்லாம் எனக்கும் தம்பி வால்சினுக்கும் பாதிப் பாதி. கழுதைகளால் தகராறே இல்லை. தகராறு சமையற்காரி செலனீரால் வந்தது. நண்டும் வெண்டைக்காயும் போட்டு அவள் வைக்கும் கம்போ குழம்புக்காக பிஷப்பே இரண்டு முறை இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறார்.

“அக்கா, ஆலையை வேணும்னா நீயே வச்சுக்க. செலனீரும் அவ பொண்ணும் எனக்கு,” என்றான் வால்சின்.

“ஏண்டா, உன் பொண்டாட்டிக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதா?” என்றேன்.

லூசியானாச் சட்டம் உங்களுக்குத் தெரியும். பத்து வயது நிரம்பாத பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. அவள் மகள் ஸபெத்துக்கு எட்டு. ஆகவே இருவரும் ஒரே பங்குக்குப் போயாக வேண்டும். அவன் விடாக்கண்டன், நான் கொடாக்கண்டன். வழக்கு எங்கள் ஆயுசுக்கும் ஓடும். பிள்ளைக்குப் பத்து ஆகியிருந்தால் ஆளுக்கு ஒருத்தி. இதைவிட நியாயமான பங்கீடு உண்டா?

சொத்துக்கு விலை போட வரும் மதிப்பீட்டுக்காரர்கள் நம் பேச்சை நம்புவதில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்ப்பார்கள். பத்து வயதில் கடைவாய்ப் பால்பற்கள் விழ ஆரம்பித்திருக்கும். ஸபெத்துக்கு விழவில்லை, நான் உதவினேன். குறடு கொல்லனுடையது, நன்றாகக் கழுவித்தான் எடுத்தேன். நான்கு பற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாகு மிட்டாய். நல்ல பிள்ளை, அதிகம் அழவில்லை. சொத்தைப் பல் என்று தாயிடம் சொன்னேன். செலனீர் எனக்கு நன்றி சொன்னாள்.

மதிப்பீட்டுக்காரர் பார்த்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

“பத்து முடிஞ்சிருக்கும்.”

“இல்லீங்கய்யா, எட்டுதான்,” என்றாள் செலனீர். “அம்மாவோட கைப்புள்ள தவறுன அதே வாரம் பொறந்தவ. அம்மாவையே கேளுங்க. அவங்களுக்குத் தெரியும்.”

என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் துளி சந்தேகம் இல்லை. சொன்னது உண்மைதான். அந்த வாரம் முழுக்க, பச்சை உடம்போடு, என் கட்டிலருகே உட்கார்ந்து எனக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள்.

“பாவம், குழம்பிப் போயிருக்கா. பத்து முடிஞ்சிடுச்சு,” என்றேன்.

ஸபெத் தம்பி பங்குக்குப் போனாள். சமையற்காரியைக் கேட்டவனுக்குச் சிறுமி எதற்கு? டெக்சஸ் போகிற வியாபாரிக்கு விற்றுவிட்டான். அவன் அவசரப் புத்திக்கு நான் என்ன செய்ய முடியும்?

பொய் சொன்னது பாவம், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வயதுப் பொய். அதற்கு எத்தனை செபமாலை என்று சொல்லுங்கள். செலனீர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மனசு எனக்குத் தெரியாதா, சாமி? அதனால் அவளை மன்னித்துவிட்டேன்.