நாப்பத்தோரு சிரிச்ச மூஞ்சி

…அதான் சொல்றேங்கய்யா, அந்த ஃபோன் எப்ஸ மட்டும் நம்பிடாதீங்க. நம்பவே நம்பாதீங்க! வாரத்துக்கு மூணு வாட்டி, மூணு வருஷமா இந்த நாக்காலில சாஞ்சு ரத்தங் கழுவுறவ சொல்றேன். மிஷினு நல்ல மிஷினு. நர்சு மிஸ்ஸிங்க தங்கமானவங்க. நம்மள வீட்லேர்ந்து கூட்டியாற வேனுக்குன்னு ஃபோன்ல ஒண்ணு வச்சிருக்காங்க பாருங்க… ஐயா, ஐயா, அந்தக் கைய ஆட்டாதீங்க! ஊசி இருக்குல்ல. மொத நாளு அப்பிடித்தான் இருக்கும். மொத நாளு நான் போட்ட சத்தத்துக்கு பகாவ் பஸ் ஸ்டேசனே திரும்பிப் பாத்துச்சுன்னு மாதவி மிஸ்ஸி இன்னமும் சொல்லிக் காட்டும்.

பேரு என்னான்னு சொன்னீங்க? தம்பிராஜாவா? அட, பேரச் சொல்லவே இவ்ளோ நேரம்னா, நாலு மணி நேரம் என்னாத்த பேசுவீங்க? பரவால்ல. நான் பேசுறேன், நீங்க கேளுங்க. நான் பஞ்சாலை. நாலாங்கட்ட தோட்டம். அங்க பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டுனவ. அப்புறம் மரத்தயெல்லாம் சாச்சுட்டு செம்பன போட்டாங்க, எனக்கும் இனிப்பு நீரு வந்து கிட்னி ரெண்டயும் சாச்சுருச்சு. ஐயா ஆபீஸ் வேலயா? சொல்ல வேணாம், சட்டப் பையில பேனாவப் பாத்தாலே தெரியுது. ரத்தங் கழுவ வர்ற எடத்துக்கு எதுக்குய்யா பேனா? முன்ன தோட்டத்துல உங்க ஆளுங்கள்லாம் கணக்கெழுதுற கிராணியா ஃபேனுக்கு அடியில, எங்க ஆளுங்க மரத்துக்கு அடியில. இப்பப் பாருங்க… ரெண்டு பேருக்கும் ஒரே மிஷினு, ஒரே ஊசி! சிரிங்கய்யா. சும்மா தமாசு.

என்னா சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், எப்ஸ்.

முன்னெல்லாம் வேன் ஓட்டுற தேவன்தான் முடிவு பண்ணுவான், யார மொதல்ல ஏத்துறதுன்னு. நல்ல பையன். ஐயாவோட சேத்து நாம ஏழு பேரு, வேனு ஒண்ணு. அப்புறம் இந்த செண்டர நடத்துற சங்கத்துல எவனோ ஒரு புத்திசாலி, எல்லாத்தயும் ஃபோன்ல போட்டுட்டான். எறங்குன கொஞ்ச நேரத்துல டிங்குங்கும். அஞ்சு மூஞ்சி வரும். இந்தக் கடைசில அழுவுற மூஞ்சி, அந்தக் கடைசில பல்லெல்லாந் தெரிய சிரிக்கிற மூஞ்சி. 'இந்தச் சேவையில் உங்களுக்குத் திருப்தியா?' அவ்ளோதான். யாரு சேவ, எந்தச் சேவ, ஒண்ணும் போடல. நான் என்னா நெனச்சேன்? தேவனத்தான் கேக்குதுன்னு நெனச்சேன். நீங்களா இருந்தா என்னா நெனப்பீங்க?

அழுவுற மூஞ்சி வந்தா டிரைவர ஆபீசுக்குக் கூப்புட்டுக் கேப்பாங்கன்னு யாரோ வேற சொல்லிட்டாங்க. அவன் பொண்டாட்டி ரோகினி ஏழு மாசம்யா! நான் வேனுக்குள்ள சாஞ்சுக்கன்னு தனியா ஒரு தலகாணி வச்சிருக்கான்யா அந்தப் பய! அவன் மேல அழுவுற மூஞ்சிய அமுக்க எனக்குக் கை வருமா? சிரிச்ச மூஞ்சிதான். டப்பு. எங்க லயத்துலேர்ந்தே இன்னும் ரெண்டு பேரு வர்றாங்க. சன்னாசி மாமாவுக்குக் கண்ணு போச்சு. தனலெட்சுமிக்குப் படிக்கத் தெரியாது. அவுங்க ஃபோனயும் நான்தான் வாங்கி அமுக்குவேன். டப்பு, டப்பு, டப்பு. மூணு பேரும் சந்தோசம்!

அப்புறந்தான்யா கூத்து. அஞ்சரைக்கு வந்துக்கிட்டு இருந்த வேனு ஆறுக்கு வந்துச்சு. அப்புறம் ஆறரை. அப்புறம் ஏழு! டவுன்ல இருக்குறவங்கள மொதல்ல ஏத்தி, செண்டர்ல விட்டுட்டு, அப்புறமா தோட்டத்துக்கு வருது. 'ஏன்டா தேவா?'ன்னா, 'நான் என்னா செய்றது அத்த, ஃபோன்ல வர்ற வரிசப்படி ஓட்டுன்னு சொல்லிருக்காங்க'ங்குறான். லேட்டா வந்தா நம்ம நேரத்தக் கொறச்சிருவாங்க, தெரியுமா? பதினோரு மணிக்கு அடுத்த ஆளு வந்துருவாரு, அதுக்கு முன்ன மிஷினக் கழுவணும். நாலு மணி நேரம் ஓட வேண்டியது மூணு மணிதான் ஓடும். மிச்சத் தண்ணி எங்க போவும்? ஒடம்புலதான் நிக்கும். காலு ரெண்டும் வீங்கி செருப்பே நொழையல. ஒரு நாளு வாசப்படில உக்காந்துட்டேன், மூச்சு மேல மேல வாங்குது, பேச்சே வரல… எனக்குப் பேச்சு வரலன்னா பாத்துக்கங்களேன்! தேவன்தான் எப்ஸாவது மண்ணாவதுன்னு என்னயத் தூக்கிப் போட்டுக்கிட்டு தெரோஸா, எங்கயும் நிக்காம, சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு விட்டான். நாலு நாளு கெடந்தேன். பொழைக்க மாட்டேன்னுதான் நெனச்சேங்கய்யா. ஒளிக்காமச் சொல்றேன்.

அங்க கட்டில்ல கெடக்குறேன், டிங்கு! 'திருப்தியா?' என்னயக் காப்பாத்துன பையன் அவன். டப்புன்னு சிரிச்ச மூஞ்சிய அமுக்குனேன்.

அத வச்சுத்தான் ஒரு புள்ள என்னயத் தேடிக்கிட்டு வந்துச்சு. மீனலோசனின்னு பேரு, யூனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ணுது. உங்க ஆளுங்கதான், உங்க தமிழுதான், பேசுறப்பவே இழுக்குது. 'ஆண்ட்டி, நாப்பத்தொரு தரம் வேன் பிந்தி வந்திருக்கு. நாப்பத்தொரு தரமும் நீங்கள் சிரிச்சிருக்கிறீங்கள். ஆஸ்பத்திரியில கிடந்த அண்டைக்கும் சிரிச்சிருக்கிறீங்கள். ஏன்?' கண்ணுல தண்ணி நிக்குது அதுக்கு. எப்ஸுக்குள்ள வரிச போடுற கணக்கு போட்டதே அதுதானாம்!

என்னா கணக்குன்னு கேட்டேன். நிகழ்தகவாம்… நாக்கு சுளுக்கிக்கும், நீங்க சொல்லிப் பாக்காதீங்க. ஒரு எப்ஸ் நல்லதா கெட்டதான்னு அத செஞ்சவன் சொல்லக் கூடாதாம். அதுகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்கதான் சொல்லணுமாம். சரியான பேச்சு! ஆனா நாம எல்லாரும் எல்லாத்தயும் வாயத் தொறந்து சொல்லிருவோமா? அதனால, நாம அமுக்குற மூஞ்சிய வச்சு, அமுக்காத நாளுல நம்ம மனசு எப்பிடி இருக்கும்னு நூத்துக்கு இத்தனன்னு எப்ஸே கணிக்குமாம். எனக்கு டக்குன்னு வெளங்கிருச்சு. எங்கள வேல வாங்குற மண்டோரு விடியக்காலைல வானத்த அண்ணாந்து பாத்து, இன்னைக்கு வெட்டு உண்டா இல்லையான்னு சொல்லுவாரு. மழ பேஞ்சு மரம் நனைஞ்சா வெட்ட முடியாதுல்ல? பத்து நாளுல எட்டு நாளு சரியாத்தான் இருக்கும். ஆனா வானம் பொய் சொல்லாதுய்யா. நான் பொய் சொன்னேன்ல!

ஏழு பேருல யாராவது ஒருத்தவங்க கடைசியாத்தான் ஏறணும். யார கடைசியா விட்டா ஆகக் கொறவா மனசு நோவும்னு பாத்து அது வரிச போடுதாம். என்னயப் பத்தி என்னா எழுதி வச்சிருக்கு தெரியுமா? இந்தம்மா எவ்ளோ லேட்டா வந்தாலும் நூத்துக்குத் தொண்ணூத்தேழு சந்தோசமா இருக்கும்! சன்னாசி மாமாவும் அப்பிடித்தான், தனலெட்சுமியும் அப்பிடித்தான். நெகிரி செம்பிலான்லயே நாலாங்கட்ட தோட்டம் மாதிரி திருப்தியான சனம் கெடையாதாம்! அப்புறம் எங்கள விட்டு யார கடைசில விடும்?

'என் கணக்குப் பிழை ஆண்ட்டி'ன்னு அது சொல்லுது. 'இல்லம்மா, என் கட்ட வெரலு பிழை'ன்னேன். ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டு சிரிச்சோம், அழுதோம், எல்லாம் ஆச்சு. டிரைவர் பேரே அதுல போவாதுன்னு சத்தியம் பண்ணுச்சு. 'இனி உண்மையை மட்டும் அமத்துங்கோ'ன்னுச்சு. சரின்னேன். போன ரெண்டு வாரமா அமுக்குனேன் பாருங்க! அழுவுற மூஞ்சி, அழுவுற மூஞ்சி, அழுவுற மூஞ்சி. மூணு ஃபோன்லயும்! நாப்பத்தோரு தடவ சிரிச்சதுக்கு வட்டி போட்டு அழுதுட்டேன். இன்னைக்கு அஞ்சு பத்துக்கு வாசல்ல ஹாரன் சத்தம்! தல கூட முடியல. ஆறு மணிக்கு இந்த மிஷின்ல ஏறிட்டேன். ராணி மாதிரி!

இந்தா மாதவி மிஸ்ஸி வருது. என்னா மிஸ்ஸி?… ஐயாவுக்கா?… பத்தரைக்கே கழட்டிருவியா? ஏன்? இப்பத்தானம்மா ஏறுனாரு, மொத நாளு வேற… லேட்டாவா? ஏன்யா லேட்டு, நீங்க டவுனுதான? இங்கேர்ந்து எட்டு நிமிசம்.

வேனா.

எத்தன மணிக்கு வந்துச்சு?… ஏழேகாலா? ஆறுக்கு வருதுன்னு சொல்லிட்டு… வாசல்லயே நின்னீங்களா? அவ்ளோ நேரமுமா?

ஐயா, ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. புதுசா வர்ற ஆளப் பத்தி அதுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு மீனலோசனி சொல்லுச்சு. அந்தப் பக்கத்து ஆளுங்கள்லாம் எப்பிடி இருக்காங்களோ, இவரும் அப்பிடித்தான் இருப்பாருன்னு எடுத்துக்குமாம். அழுவுனது நாங்க மூணு பேரு. டவுன்ல மத்த மூணு பேரு என்னா அமுக்குவாங்கன்னு எனக்குத் தெரியும், நாங்க முன்ன அமுக்குன மாதிரி சிரிச்ச மூஞ்சிதான், தேவன் பாவம்னு. அப்போ டவுன்ல யார கடைசில விடும்? ஒண்ணுமே சொல்லாத ஆள. உங்கள. நான்தான்யா… என் மூணு ஃபோனுந்தான் உங்கள ரோட்ல நிக்க வச்சிருச்சு.

அப்பிடி பாக்காதீங்கய்யா, ஒரு மாதிரியா இருக்கு. திட்டணும்னா திட்டிருங்க.

இரு இரு, மிஸ்ஸி, போவாத! நான் ஆறுக்கு ஏறுனவ, பத்துக்கு எனக்கு முடிஞ்சிரும்ல? பத்தரைக்குள்ள இந்த மிஷினக் கழுவிரலாம். பதினோரு மணிக்கு வர்றவர இங்க உக்கார வையி. ஐயா அங்கயே முழுசா நாலு மணி நேரம் ஓடட்டும். ஏன் முடியாது? நாக்காலில பேரா ஒட்டிருக்கு?… கேட்டுட்டு வர்றியா? போ, ஓடு. நான் சொன்னேன்னு சொல்லு.

…என்னாச்சு?… சரின்னுட்டாங்களா! பாத்தீங்களாய்யா? வாயி இருந்தாத்தான் வேல நடக்கும்.

ஐயா, உங்க ஃபோனு. டிங்குன்னுச்சு. அதேதான், மூஞ்சி வந்துருக்கும். குடுங்க… அட, நான் இங்க மாட்டிக்கிட்டு இருக்கேனே, எட்டாது. வேணாம், நல்லதுதான். இனிமே அடுத்தவங்க மூஞ்சிய நான் அமுக்கப் போறதில்ல. நீங்களே அமுக்குங்க. ஊசி இல்லாத கையில. பொறுமையா. காலைல நீங்க நின்னத நெனச்சுக்கங்க. அஞ்சுல இந்தக் கடைசில இருக்குறது…

ஐயா! அது அந்தக் கடைசிய்யா! பல்லு தெரியிற மூஞ்சில்ல அது!

யாருக்காக? தேவனுக்கா?… என்னய ஏன் கை காட்டுறீங்க? எனக்கா? நான் பேசுனதுக்கா? ஐயோ… ஐயோ, நல்லா இருப்பீங்க, ஆனா அது என்னயக் கேக்கலய்யா, வேனக் கேட்டுச்சு! போச்சு போங்க. புதன்கிழமையும் நீங்கதான் கடைசி!