அறுபத்திரண்டாவது சாமி

— தோளப் பிடிச்சு இழுக்காதக்கா, வலிக்கும் அம்மாவுக்கு. துண்ட முதுகுக்கு அடியில விடு. ஆங். இப்ப துண்டப் பிடிச்சு இழு, நான் இடுப்பத் தாங்கிக்கிறேன். ஒண்ணு, ரெண்டு... அம்புட்டுத்தான்.

— அட, சத்தமில்லாமத் திரும்பிருச்சே! நானும் ஒன் மச்சானும் திருப்புனா கட்டிலே கெடந்து கத்தும். எங்கடா கத்துக்கிட்ட இத?

— மடத்துலதான். எங்க பெரிய சாமிக்கு மூணு வருசமா நான்தான் திருப்பிப் போடுறேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா.

— ம். ஜெர்மனியில ஒரு வெள்ளக்காரக் கெழவருக்குப் புண்ணு வராமப் பாத்துக்கிட்ட. இங்க வில்லாபுரத்துல பெத்தவ முதுகு பூராம் புண்ணு. நல்லாருக்குடா ராவு.

— அக்கா...

— என்ன நொக்கா? சாமியாராப் போறேன்னு போயி பதினெட்டு வருசமாச்சு. மூணு தடவ வந்திருக்க. அம்மாவுக்கு வாயும் கையும் விழுந்து கெடக்கு. டாக்டரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, பத்து நாளோ பதினஞ்சு நாளோன்னுட்டாரு. நீ என்னடான்னா வியாழக்கெழம பிளேன் ஏறுறேங்குற.

— தேதி முன்னாடியே குறிச்சதுக்கா.

— இந்தா பாரு, ஆறு வருசமா நான் ஒத்தையில பாத்தேன், அத நான் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். இருந்து, அம்மாவுக்குக் கொள்ளி வச்சிட்டுப் போ. ஒங்க சாமி கோவிச்சுக்குமோ?

— எங்க சாமி கோவிச்சுக்காது. முப்பத்தொண்ணாந் தேதி நான் அங்க நிக்கணும்க்கா. அன்னைக்குத்தான் எனக்குப் பெரிய சாமியாப் பட்டம் கட்டுறாங்க.

— தள்ளிப் போடச் சொல்லு! எம் மக பவதாரிணி போன்ல பாத்துச் சொன்னா. ஒனக்கு முன்னாடி அறுபத்தோரு பேரு அந்த மடத்துல பட்டத்துல இருந்திருக்காகளாம், எண்ணூறு வருசமா. அம்புட்டுப் பேர்ல ஒருத்தர்கூடவா லேட்டா வரல?

— வந்திருக்காரு. பதினாலாவது சாமி ரெண்டு வருசம் லேட்டு.

— பாத்தியா!

— கேளுக்கா. அவரு ரோமாபுரிக்கு உத்தரவு வாங்கப் போனாரு, நடந்தே. வழியில காய்ச்சல், மலையில பனி. அது வரைக்கும் நாற்காலியில அவரு அங்கிய மடிச்சு வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்களாம். எழுதி வச்சிருக்கு.

— அப்ப ஒன் அங்கியயும் ஒண்ணு மடிச்சு பார்சல் போட்டு விடு. நாற்காலியில கெடக்கட்டும். நீ இங்க இரு.

— அன்னைக்கு மடத்துல எழுபது பேரு இருந்தாங்க. இன்னைக்கு என்னையும் சேத்து அஞ்சு பேரு. மத்த நாலு பேருக்கும் எம்பதுக்கு மேல. நான் முப்பத்தொண்ணாந் தேதி போய் நிக்கலேன்னா, அந்த நாலு பேருக்கும் போக்கிடம் இல்ல.

— அங்க நாலு கெழவங்க, இங்க ஒரு கெழவி. கணக்குல நாங்க தோத்துட்டோம், அப்படித்தான?

— அப்படிச் சொல்லாதக்கா.

— வேற எப்படிச் சொல்லணும்? அந்தப் பஞ்ச எடு. மருந்து ஆறுறதுக்குள்ள வைக்கணும். ...அந்த அறுபத்தோரு பேரும் ரொம்ப யோக்கியமோ?

— எங்கிட்டு? ஏழாவது சாமி மடத்து வெள்ளிப் பாத்திரத்தத் தூக்கிட்டு ஓடிட்டாரு. முப்பதாவது சாமி பஞ்சத்துல கோயில் மணிய இறக்கி வித்து, ஊருக்குக் கஞ்சி ஊத்துனாரு. அது நல்ல விசயந்தான், ஆனா மேல இருந்தவங்க கேள்வி கேட்டு அவர வேற மடத்துல அடச்சு வச்சிட்டாங்க. கொள்ள நோய் வந்தப்ப இருந்தவரு பத்தொம்பதாவது. வாசல்ல மொதப் பொணம் விழுந்தன்னைக்கே குதிர ஏறிட்டாரு.

— அப்புறம்?

— அடுப்படிக் கணக்குப் பாத்த ஒரு சாமி மட்டும் போகல. நாப்பது பேர அவரே தூக்கி அடக்கம் பண்ணாரு. நோய் ஓஞ்ச பின்னாடி மிஞ்சுனது மூணு பேரு. அதுல ரெண்டு பேரு சேந்து அவரப் பெரிய சாமியா ஆக்குனாங்க. இருபதாவது.

— ஆக, நின்னு அடக்கம் பண்ணவருக்குத்தான் பட்டம் குடுத்திருக்காக.

— ஆமா.

— அப்ப நீயும் நின்னு அடக்கம் பண்ணிட்டுப் போயி வாங்கிக்கடா! குதிர ஏறுனவர் கத மட்டும் தெரியுதோ?

— ...நீ கேக்குறது நாயந்தான்க்கா. எனக்குப் பதில் தெரியல.

— அய்யா செத்தப்பவும் இதத்தான் சொன்ன. போன்ல. எனக்குப் பதில் தெரியலக்கான்னு.

— அப்ப நான் வார்த்தப்பாடு குடுத்து ஒரு மாசங்கூட ஆகல.

— என்ன பொல்லாத வார்த்தப்பாடு.

— எங்களுக்கு மத்த சாமியாருங்க மாதிரி ஊர் ஊராப் போற வேல இல்லக்கா. சேந்த மடத்துலயே இருக்கணும், அந்த மண்ணுலயே சாகணும். அதுதான் மொத வார்த்தப்பாடு. ஊருக்குப் போயிட்டு வான்னு பெரிய சாமி அப்பவும் சொன்னாரு. நான்தான் கேட்டுக்கிறல.

— நீதானா? பதிமூணு வருசமா அவுகளத்தான நான் வஞ்சுக்கிட்டு இருந்தேன்.

— தெரியும். போன்லயே வஞ்சியே.

— ...அந்த டம்ளர எடு. அம்மா, வாயத் தொற. ரெண்டு சொட்டு. ஒன் மகன்தான் குடுக்குறான், முழுங்கு. ராவு, தலைய ஒசத்திப் பிடி. ம். எறங்கிருச்சு.

— எறங்கிருச்சு.

— நாங்க குடுத்தா வழிஞ்சுரும். ஒன் கையில எறங்குது பாரு. இதுக்குத்தான் சொல்றேன்.

— அக்கா, அய்யா பேர அங்க நாங்க வாசிக்கிறோம். தெரியுமா ஒனக்கு?

— எங்க வாசிக்கிறீக?

— மத்தியானம் சாப்பாட்டுல பேச்சு கெடையாது எங்களுக்கு. ஒருத்தர் மட்டும் நின்னு வாசிப்பாரு. அன்னைக்குத் தேதியில செத்தவங்க பேரு பூராம். ஆயிரத்து நூத்தி எழுபதுல செத்தவரு, ஆயிரத்து நானூறுல செத்தவரு, வரிசையா. ஆவணி வந்தா, அய்யா தேதியில, ஒரு பிரபு வீட்டுச் சாமி, ஒரு மணி வார்க்கிற ஆசாரி, அடுத்து வில்லாபுரம் பேச்சிமுத்து.

— அய்யா பேரா? அவுக வாயில நொழையுமா?

— பேச்சிமுத்துன்னு சொல்ல வராது. பேக்கிமுத்தும்பாரு பெர்னார்டு சாமி. வருசா வருசம் முன்னாடி நாளே எங்கிட்ட வந்து சொல்லிப் பழகுவாரு. மறுநாளும் பேக்கிமுத்துதான்.

— சிரிக்காதடா, எனக்கு அழுகையா வருது. யாரு எழுதுனது? நீயா?

— பெரிய சாமி. நான் அழுதுக்கிட்டு தோட்டத்துல வேல பாத்தேன், ஒண்ணும் கேக்கல. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி புஸ்தகத்த எடுத்துட்டு வரச் சொன்னாரு. அவரே எழுதுனாரு. இன்னைக்கு அவருக்கு அவரு பேரே தெரியாது. என்னயப் பாத்தா, நீங்க யாரு, எந்தக் கப்பல்ல வந்தீங்கன்னு கேப்பாரு.

— பாவம்டா.

— ஆமாக்கா.

— அய்யா இருந்திருந்தா இத ஊரு பூராம் சொல்லியிருக்கும். பெரிய வீட்டுல ஒரு சாவு விழுந்தா, கேதம் சொல்ல அய்யாவத்தான வெரட்டுவாக. உசிலம்பட்டிப் பக்கம் பூராம் நடந்தே போயி சேதி சொல்லணும். சொன்ன வீட்டுல வாசலுக்கு வெளிய நின்னு தண்ணி குடிக்கணும், கையில ஊத்துவாக. ஒரு நாளு மாட்டேன்னுச்சு. அன்னைக்கு எடுத்த ஓட்டந்தான் வில்லாபுரம். ஒனக்கு அப்ப ஒரு வயசு, என் இடுப்புல இருந்த.

— அங்கயும் அப்படி இருந்துச்சுக்கா.

— எங்க? ஒங்க மடத்துலயா?

— ரொம்ப நாளா. நெலத்துல வேல பாக்குற சாமிங்கன்னு தனியா வச்சிருந்தாங்க. உழுறது, மாடு மேய்க்கிறது, குழி தோண்டுறது எல்லாம் அவங்க. தாடி வச்சுக்கணும், தனி வாசல், கோயில்ல பின்னாடிப் பக்கம். புஸ்தகம் தொடக் கூடாது. பெரிய சாமியத் தேர்ந்தெடுக்க ஓட்டுக் கெடையாது. பெரிய சாமின்னா பிரபு வீட்டுப் பிள்ளையா இருக்கணும். மொத முப்பத்தஞ்சு பேருல ஒருத்தர்கூட விவசாயி மகன் இல்ல.

— அடப்பாவிகளா! வெள்ளக்காரனுக்குள்ளயுமா?

— அந்தப் பின் வாசல் இன்னும் இருக்கு. நான் வந்த புதுசுல அதப் பாத்துக்கிட்டே நிப்பேன். பூட்டித்தான் கெடக்கும்.

— இப்ப ஒன்னய எப்படித் தேர்ந்தெடுத்தாக? சும்மா கையத் தூக்குனாகளா?

— இல்ல, சீட்டு. அஞ்சு சீட்டு மடிச்சு ஒரு கிண்ணத்துல போட்டோம், பெரிய சாமிக்கு மட்டும் கையப் பிடிச்சு எழுத வச்சாங்க. நாலுல என் பேரு.

— அஞ்சாவது?

— நான் எழுதுனது. பெர்னார்டு சாமி பேர எழுதுனேன்.

— ஒன் பேரத் தெளிவா எழுதுனாகளா? பீமாராவுன்னு?

— அங்க எனக்கு வேற பேருக்கா, மவுருஸ். ஆனா பெர்னார்டு சாமி பீமாராவுன்னு எழுதியிருந்தாரு. அந்தக் கோணக் கையெழுத்துத் தெரியும் எனக்கு.

— அம்மா, கேட்டியா? பிரபு வீட்டுப் பிள்ளைக ஒக்காந்த நாற்காலி. நாலு வெள்ளக்காரச் சாமி ஒம் மகன் பேர எழுதியிருக்காக. கேதம் சொல்லப் போனவரு மகன! இந்தா பாரு ராவு, அம்மா கண்ணப் பாரு. தண்ணி வருதா இல்லையா?

— வருது.

— கேக்குதுடா அதுக்கு. கேக்குது. டாக்டரு சும்மா சொல்றாரு.

— அக்கா, மச்சான் எங்க போயிருக்காரு? காலையில இருந்து காணோம்.

— சொல்லக் கூடாதுன்னாரு. ஆரப்பாளையம் போயிருக்காரு, பிளக்ஸ் வாங்கிட்டு வர. நம்ம மன்றத்துப் பயலுக அடிக்கக் குடுத்தானுக. பத்துக்கு எட்டு. ஒன் பாஸ்போர்ட் போட்டோவப் பெருசு பண்ணி, பக்கத்துல கோட்டுப் போட்ட தலைவர் படம். எண்ணூறு ஆண்டு வரலாற்றில் முதன்முறையாகன்னு எழுதியிருக்கு. பவதாரிணிதான் எழுதிக் குடுத்தா.

— அய்யய்யோ. வேணாம்னு சொல்லுக்கா, போன் போடு.

— ஏண்டா? வெக்கமா?

— வெக்கமில்ல. வேணாம். கட்ட வேணாம். மச்சான்கிட்ட நான் பேசுறேன், போனக் குடு.

— அட, ரொம்பத்தான் பண்ணாத. நம்ம தெருவுல கொழா உடைஞ்சாக்கூட பிளக்ஸ் கட்டுறானுக. ஒனக்குக் கட்டுறதுல என்ன கொறஞ்சு போச்சு? ஆனையூர்ல இருந்து சித்தப்பா வீட்டாளுக எல்லாம் வாராக சாயந்திரம். மாலையெல்லாம் சொல்லியாச்சு.

— அக்கா, என்னால தாங்க முடியாது. ஒன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்.

— ஏய், காலையெல்லாம் எதுக்குப் பிடிக்குற? ஒக்காரு. ஒக்காரு இங்க. ...இம்புட்டு நேரம் கெடந்து வஞ்சேன்ல, அதானா? சரி, விடு. நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லு.

— நீ போ.

— என்னக்கா?

— வியாழக்கெழமயே போ. கொள்ளி நான் வைக்கிறேன். பொம்பள வைக்கக் கூடாதுன்னு எவனாவது வந்தா நான் பாத்துக்கிறேன். இதே கையாலதான ஆறு வருசமா அள்ளிப் போட்டேன், இதுவும் செய்யும் இந்தக் கை. எனக்கு வயிறு எரியத்தான் செய்யுது, இல்லேன்னு சொல்லல. செத்த அன்னைக்கு ஒன்னய நெனச்சு நல்லாவே வைவேன். ஆனா அய்யா வாசலுக்கு வெளிய நின்னு குடிச்ச தண்ணிய நெனச்சா, நீ போயி அந்த நாற்காலியில ஒக்காரணும்டா. நம்ம ஆளு ஒருத்தன் ஒக்காரட்டும்.

— அப்படியெல்லாம் சொல்லாதக்கா. நீ வஞ்சதே பரவாயில்லயா இருந்துச்சு.

— ஏண்டா அழுகுற? நான்தான் போகச் சொல்லிட்டேன்ல.

— அதான்.

— கிறுக்குப் பயலே. இங்க வா, அம்மா பக்கத்துல ஒக்காரு. காதுகிட்ட குனி. பட்டம் கட்டுன ஒடனே நான் என்ன செய்யப் போறேன்னு சொல்லு. அந்தத் தனி வாசலத் தொறந்து விடப் போறியா? கேட்டுட்டாவது போகட்டும் அது.

— வேணாம்க்கா.

— சொல்லுடா. ஆசையாப் பாக்குது பாரு.

— அம்மா காதுல வேணாம். ஒங்கிட்டச் சொல்றேன். மடத்த ஒரு ஓட்டல்காரங்க வாங்குறாங்க. அன்னைக்கே பத்திரம் முடிஞ்சாத்தான் அந்த நாலு பேருக்கும் ஒரு முதியோர் இல்லத்துல கட்டில் கெடைக்கும். பெரிய சாமியா இருக்கிறவரு கையெழுத்து இல்லாம விக்க முடியாது, அந்த வரிசையில மடத்த வித்த கடைசிப் பேரா இருக்க அங்க ஒருத்தருக்கும் மனசு வரல, அதான் என்னய எழுதுனாங்க.