பதினாறாம் வாய்ப்பாடு

அய்யய்யோ, நாளைக்கு மாதிரிப் பாடம் எடுக்க என் பேரையா போட்டிய? அடிச்சிருங்க சார். கோடைப் பயிற்சிக்குன்னு தூத்துக்குடியில வந்து கெடக்க நாப்பது வாத்தியார்ல உங்களுக்கு நாந்தானா ஆப்புட்டேன்? மெட்டில்டா டீச்சரைப் போடுங்க. கூட்டலைக்கூடப் பாட்டாப் பாடும்.

கூச்சமா? எனக்கா? முப்பத்திமூணு வருசமா புளுகியே பாடம் நடத்துதவன் சார் நான்.

ஓ, எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைய பதினாறாம் வாய்ப்பாட்டைத் தண்ணியாச் சொல்லுதுன்னு இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுட்டாரா? அதான் வினை. சரி, வித்தையைச் சொல்லுதேன். நீங்களே எடுத்துருங்க.

முத்துக் குளிக்கையில, ஆளு எறங்குமுன்ன சுறா வாயைக் கட்டுததுக்குன்னே கடல்கட்டின்னு ஒருத்தர் மந்திரஞ் சொல்லுவாருல்லா? அது எங்க தாத்தாதான்னு வகுப்புல ஒரு போடு போட்டேன். தாத்தா உப்பளத்துல உப்பு செமந்தவரு, அதை விடுங்க. அவரு மந்திரஞ் சொன்னா சுறா வாயத் தொறக்க முடியாம, பல்வலிக்காரன் கணக்கா தாடையத் தடவிக்கிட்டு மணப்பாட்டுக்கு ஓடிரும்னேன். சுறாவுக்கு ஏது கைன்னான் ஒருத்தன். மந்திரத்துல மொளைச்சிரும்லேன்னேன்.

அந்த மந்திரம் என்னன்னு கேட்டுதுக. பதினாறாம் வாய்ப்பாடுதான், ஒரு எடத்துலயும் பிசகாமச் சொன்னா சுறா கிட்ட அண்டாதுன்னேன். அம்புட்டுதான் சார். எல்லாம் கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைய. ஒரே வாரத்துல மொத்த வகுப்புக்கும் மனப்பாடம். பிரம்பைத் தூக்கி அடுப்புல வச்சிட்டேன்.

சிரிக்கிய. சிரிங்க. நானும் சிரிச்சிக்கிட்டுதான் இருந்தேன், போன வியாழக்கிழம வரைக்கும்.

வளன்னு ஒரு பய. வகுப்புல மொதல்ல ஒப்பிச்சவன் அவந்தான். லீவுதானன்னு அப்பங்கூட வள்ளத்துல போயிருக்கான். வலை அடியில பாறைப் பாருல சிக்கிருச்சு. கீழ சுறா நடமாட்டம் இருக்கு, வலை போனாப் போவுது, எறங்காதலேன்னு அப்பன் கத்தியிருக்கான். எனக்கு மந்திரந் தெரியும்ப்பான்னுட்டு இவன் குதிச்சிட்டான். தண்ணி தலைய மூடுத வரைக்கும் வாய்ப்பாட்டுச் சத்தம் கேட்டுச்சாம்.

இல்ல சார். ஒடம்புகூடக் கெடைக்கல.

துட்டி கேக்க அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னை வெட்டிப் போட்டாலும் வாங்கிக்கிடணும்னுதான் போனேன். அவுக அப்பன் செபாஸ்டின் எந்திரிச்சு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டான். நீங்க சரியாத்தான் குடுத்திருக்கிய வாத்தியாரய்யா, எம் பயதான் பதட்டத்துல எங்கனயோ தப்பாச் சொல்லிட்டான்ங்கான். பள்ளிக்கூடந் தொறந்ததும் சின்னவனுக்காவது பிசகில்லாமச் சொல்லிக் குடுங்கங்கான்.

சரின்னு தலையாட்டிட்டுதான் சார் இங்கன வர பஸ்ஸு ஏறுனேன்.